எலும்பு கூடும்வரை இரவல்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி எழுது, பூசி மெழுகாதே. வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. உன் கல்யாண ஆல்பம் இரண்டும் இப்போது நம் வீட்டில் இல்லை. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. இல்லை, வேண்டாம், முதலில் நீ மட்டும் படி.

வியாழக்கிழமைதோறும் நான் நம் சாப்பாட்டு மேசையில் கடை விரித்திருப்பது உனக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவன் நான். கையெழுத்து கட்டத்தைத் தாண்டியதா, திருப்பி அனுப்பு. தேதி இல்லையா, திருப்பி அனுப்பு. ஆபீஸில் எனக்குப் பின்னால் ‘திருப்பி அனுப்பு சார்’ என்றே பெயர், தெரியாதது போல் நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தைக் கழுவத்தானோ என்னவோ, இப்போது சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளை உட்காரவைத்து, அறக்கட்டளைகளிடம் நிதி உதவி கேட்டு விண்ணப்பிக்கத் தயார்ப்படுத்துகிறேன். எல்லாம் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கும் நேரம் கிடையாது. அறிவிப்பு வந்த பிறகுதான் பதிவுச் சான்றிதழ் எங்கே, தணிக்கை அறிக்கை எங்கே என்று பீரோவைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் கோத்து வை, நீ என்ன செய்கிறாய், யாருக்கு, எத்தனை பேருக்கு, இனி என்ன வேண்டும், கிடைத்தால் என்ன மாறும், இதை இரண்டு பக்கத்தில் எழுதி வை, அறிவிப்பு வந்தால் தேதி போட்டு நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அதோடு அதே மாதிரி இன்னொரு ஃபைல். மூலம் ஒன்று, நகல் ஒன்று, பக்கத்துக்குப் பக்கம், தாளுக்குத் தாள். இந்த நகல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உன் அம்மா இதை என் வியாதி என்கிறாள். போன மாதம் மரக்கன்று நடுகிறவர்கள் வந்தார்கள், சான்றிதழை விதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள், பிரித்தால் உள்ளே கீரை முளைத்திருந்தது. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. உன் அம்மா மட்டும் தண்ணீர் தெளித்து ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சக்கரக்கா என்று ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நடைவண்டி, படுக்கையோர மேசை எல்லாம் நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கிற அமைப்பு வைத்திருக்கிறாளே, அவள்தான். காசு கிடையாது, வாடகை கிடையாது, வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்தால் போதும். கூட இருப்பவர் ஒரு தையல்காரர், கண் மங்கித் தையலை விட்டவர், கழுத்தில் அளவு நாடாவை மட்டும் விடவில்லை. அவர்தான் இரவல் பேரேடு எழுதுகிறார். யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை என்பது இருவருக்கும் சட்டம். ஒரு தடவை ஒருவர் மழைக்கு ஒதுங்கினவர், சும்மா நிற்கிறாரே என்று அவர் கையிலும் ஓர் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் இருந்தது ஒரு கொட்டகையில். கொட்டகைக்காரர் அச்சாபீஸ் வைத்திருப்பவர், புது இயந்திரம் வருகிறது, மூன்று மாதத்துக்குள் இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு அறக்கட்டளை இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு இடத்துக்கு உதவி தருகிறது. அது கிடைத்தால் சக்கரக்காவின் சாமான்களுக்குக் கூரை, கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஏற்கெனவே நாலு சக்கர நாற்காலி அவள் வீட்டுக்குள் வந்துவிட்டது, அவள் புருஷன் ஒரு மாதமாக அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். பழகிவிட்டதாம், கை கழுவ உருட்டிக்கொண்டே போகிறாராம்.

அவளை உட்காரவைத்து எழுதவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனுஷி உட்காரவே மாட்டாள். வருவாள், நின்றபடியே ஒரு வாய் காப்பி குடிப்பாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், நேரமில்லை சார் என்று ஓடுவாள். படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, கடந்த மாதம் நீங்கள் செய்த பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக, கீழே அரைப் பக்கம் இடம். அதில் அவள் எழுதியது இரண்டே வார்த்தை. ‘கேட்டாங்க, குடுத்தோம்.’ ஆறு வியாழக்கிழமை நான் கெஞ்சினேன். அம்மா, யார் கேட்டது, எதைக் கொடுத்தீர்கள், அதனால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விவரமாக எழுதுங்கள், இரண்டு வார்த்தைக்கு யார் உதவி தருவார்கள் என்று. அதுக்கு மேல என்ன சார் இருக்கு என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். கடைசியில் மற்றதையெல்லாம் முடித்து, மூலமும் நகலும் தடித்தடியாய் இரண்டு ஃபைல் கட்டி, செவ்வாய்க்கிழமை கொட்டகை மேசையில் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும், அதற்குள் ஒன்பதாவது கேள்வியை முடித்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள், ஃபைல் பத்திரம் என்று நூறு தடவை சொன்னேன். தையல்காரர், நம்ம கிட்ட இருக்கிற எதுவும் தொலைஞ்சதே இல்ல சார், எல்லாம் பேரேட்டுல இருக்கும் என்றார். அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறேன், உன் அம்மாவும் கூட வந்தாள், அப்படியே கண்ணாடிக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. மேசை காலி. ஃபைல் எங்கே என்றேன். தையல்காரர் கொஞ்சமும் பதறாமல் பேரேட்டைப் பிரித்து, விரலை வைத்து வாசித்தார். ‘தடித்த ஃபைல், இரண்டு. பெற்றவர் பஸ் டிரைவரின் மனைவி. உபயோகம், கட்டில் காலுக்கு. திருப்பித் தரும் நாள், எலும்பு கூடும்வரை.’  நடந்தது இதுதான். மூன்று தெரு தள்ளி ஒரு பஸ் டிரைவர், முப்பது வருஷம் பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினவர், வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டை நாலு விரல் உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். செங்கல் வைத்தால் ஒன்று உயரம் ஒன்று குட்டை, கட்டில் ஆட ஆட மனுஷன் அலறியிருக்கிறார். அவர் மனைவி புதன்கிழமை கொட்டகைக்கு ஓடி வந்து, ஒரே உயரத்தில் இரண்டு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். சக்கரக்கா ஆஸ்பத்திரியில். தையல்காரர் நாடாவை எடுத்து எல்லாவற்றையும் அளந்து பார்த்திருக்கிறார், எதுவும் ஜோடி சேரவில்லை, என்னுடைய ஃபைல் இரண்டைத் தவிர. நூல் பிசகல சார், நாப்பது வருஷ தொழில்ல இப்படி ஒரு ஜோடிய நான் பாத்ததில்ல, உங்க கை கை தான் என்று என்னைப் பாராட்டினார். எனக்கு அந்த நேரத்தில் அவர் நாடாவாலேயே அவரைக் கட்டிப்போடலாமா என்று தோன்றியது. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குள் சக்கரக்காவும் வந்து சேர்ந்தாள், நாலு பேரும் டிரைவர் வீட்டுக்கு ஓடினோம். சின்ன அறை, அடைத்தாற்போல் கட்டில், கட்டிலில் டிரைவர், காலில் இடுப்புவரை மாவுக்கட்டு, கீழே என் ஆறு வார உழைப்பு. கட்டிலின் இடது காலுக்கடியில் மூலம், வலது காலுக்கடியில் நகல். உருவப் போனால் டிரைவரின் மனைவி கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். அசைஞ்சா எலும்பு கோணிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார், முதல்ல அதே உயரத்துல வேற ஜோடி கொண்டாங்க, அப்புறம் உங்க காகிதத்தை எடுங்க என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. தையல்காரர் அந்த வீட்டையே அளந்தார். டப்பா, பலகை, இரும்புப் பெட்டி, மாவாட்டும் இயந்திரத்தின் மூடி, எதுவும் சரிவரவில்லை. மணி பன்னிரண்டு ஆயிற்று. சக்கரக்கா சுவரோரம் நின்றபடி, போச்சு சார், விடுங்க, அவர் கால் முக்கியம் என்றாள்.  அப்போதுதான் உன் அம்மா தையல்காரரிடமிருந்து நாடாவை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள், கையில் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை. பெண் வீட்டு ஆல்பம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டு ஆல்பம் ஒன்று. ஒரே கடையில் ஒரே நாளில் கட்டியது, கனத்த அட்டை, நாலு விரல் தடிமன். நான் வாயைத் திறப்பதற்குள், சிட்டு கேட்டா நான் சொல்லிக்கறேன் என்று முடித்துவிட்டாள். இப்போது நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கவனித்துக்கொள்.

கட்டிலைத் தூக்கியது தனிக் கதை. ஒரு பக்கம் நானும் தையல்காரரும், மறுபக்கம் சக்கரக்காவும் டிரைவரின் மனைவியும், கீழே குனிந்து மாற்ற உன் அம்மா. படுத்த இடத்திலிருந்து டிரைவர் கையை ஆட்டி ஆரம்பித்தார். வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல தூக்கு, ரைட்ல கொஞ்சம் இறக்கு, பின்னாடி ஆள் இருக்கு, ஸ்டாப் ஸ்டாப், போலாம் ரைட்! முப்பது வருஷமா கண்டக்டர் சொல்ல நான் கேட்டேன், இன்னிக்குத்தான் எனக்குச் சான்ஸ் கிடைச்சிருக்கு என்று அந்த வலியிலும் அவருக்கு ஒரு சந்தோஷம். ஃபைல் வெளியே வந்தது, ஆல்பம் உள்ளே போனது, கட்டில் ஒரு நூல்கூட ஆடவில்லை. தையல்காரர் அங்கேயே பேரேட்டை விரித்து, திருமண ஆல்பம் இரண்டு என்று எழுதி உன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆகவே மகளே, நீயும் மாப்பிள்ளையும் இந்த நிமிஷம் ஒரு பஸ் டிரைவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்காது.

மூன்றரை மணிக்கு அறக்கட்டளை அலுவலக வாசலில் போய் இறங்கினோம். படியேறப் போகிற நேரத்தில் சக்கரக்கா அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.  என்னம்மா, மணியாகிறதே என்றேன். சார், எனக்கு நேரமில்லாம இல்ல சார், பயம் என்றாள். நான் யாருக்குமே இல்லன்னு சொன்னதில்ல, எனக்கு ஒருத்தர் இல்லன்னு சொன்னா அதை எப்படித் தாங்கிக்கறதுன்னு எனக்குத் தெரியல, அதனாலதான் இத்தனை நாள் ஓடிட்டே இருந்தேன் என்றாள்.  இல்லை என்று சொல்வதையே வேலையாக வைத்திருந்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எத்தனை பேர் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு என் மேசைக்கு வந்தார்களோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். உன் அம்மாதான் அவள் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள்.

படிவம் வாங்குகிற அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டு ஃபைல் அட்டையிலும் வட்டமாகக் கட்டில் கால் பதிந்த பள்ளம். இது என்ன என்று கேட்டார். நான் மரியாதையாக ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், அதற்குள் தையல்காரர் பேரேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிட்டார். அந்த அம்மா வாசித்தார். ‘எலும்பு கூடும்வரை’ என்ற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், மறுபடி வாசித்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பார், பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேரேட்டைப் பின்னால் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். பதினோரு வருஷம், ஒரு வரி விடாமல், யார், எது, எதற்காக, என்றைக்குத் திரும்பியது எல்லாம் இருக்கிறது. ஒன்பதாவது கேள்வியை எடுத்துப் பார்த்தார், கேட்டாங்க குடுத்தோம். ஆமா, அதானே நடந்திருக்கு என்று சொல்லி, ஃபைல் இரவல் போன அந்தப் பக்கத்தை நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துக்கொண்டார். கையெழுத்துப் பிரதியை இணைக்கக் கூடாது, தட்டச்சுதான் விதி என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் அம்மா என் காலை ஓங்கி மிதித்தாள். நல்ல வேளை, மிதித்தாள்.

போன புதன்கிழமை பதில் வந்தது. உதவி கிடைத்துவிட்டது. சக்கரக்கா நம் வீட்டு வாசலில் நின்று கடிதத்தை நீட்டிக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள், உள்ளே வா என்றால் நேரமில்லை என்கிறாள். கடிதத்தின் கடைசி வரியில் படிவம் வாங்கின அந்த அம்மாவே கையால் எழுதியிருக்கிறார், இந்தக் கடிதத்தை யாருக்கும் இரவல் தர வேண்டாம் என்று. இந்த மாதக் கடைசியில் புது இடத்துக்குப் போகிறார்கள். அவள் புருஷன்தான் பாவம், சாதாரண நாற்காலியில் மறுபடி பழக வேண்டும்.

அவள் போன பிறகு உன் அம்மா பீரோவிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். நீ எட்டு மாதத்துக்கு முன்னால் அனுப்பினாயே, உன்னைப் பார்க்க வருவதற்கான விசா படிவங்கள். அவளுடையது அன்றைக்கே நிரப்பிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. என்னுடையதில் பெயர்கூட இல்லை. ஊருக்கெல்லாம் ஃபைல் கட்டறீங்களே, உங்களுக்கும் நேரமில்லையா, இல்ல அந்த பெஞ்சுல சக்கரக்கா சொன்னதுதானா என்று கேட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அதுதான் சிட்டு. நீ போனில் கேட்கும்போதெல்லாம் வியாழக்கிழமை வேலை, முழங்கால், மழைக்காலம் என்று ஏதேதோ சொன்னேனே, எல்லாம் சும்மா. எங்கோ ஒரு மேசையில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து என் விண்ணப்பத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவானோ என்று பயம். மகளைப் பார்க்கக் கூடாது என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் அதை எப்படித் தாங்குவேன் என்று பயம். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன், இதை வைத்து என்னைக் கேலி பண்ணாதே.

மறுநாளே எழுத உட்கார்ந்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நாலு தாள் கிழித்தேன். கடைசியில் இரண்டு வார்த்தைதான் எழுதினேன், ‘மகளைப் பார்க்க.’ அதற்கு மேல் என்ன இருக்கிறது. உறவுக்கு ஆதாரமாகப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். நாம் மூவரும் சேர்ந்து எடுத்த படம் உன் கல்யாணத்தில்தானே, அது பெண் வீட்டு ஆல்பத்தில், கட்டிலின் இடது காலுக்கடியில். தகவல் போனதும் டிரைவர், சார் மகளைப் பார்க்கப் போறார்னா இன்னொரு தடவை தூக்குங்க, நான் சொல்றேன் ரைட்டு என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தூக்கினோம், படத்தை எடுத்தோம், ஆல்பத்தைத் திரும்ப வைத்தோம். படத்தைப் பார்த்தால் நீ நடுவில் நிற்கிறாய், உன் அம்மா வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள், நான் குனிந்து வாடகை நாற்காலிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வழுக்கையும் ஒரு காதும்தான் தெரிகிறது. ஆல்பம் முழுக்கப் புரட்டினேன், எல்லாவற்றிலும் அதே கதை. என் மேசைக்கு இந்தப் படம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பியிருப்பேன். வேறு வழியில்லை, பின்னால் ஒரு குறிப்பு எழுதி, ‘படத்தில் குனிந்திருப்பவரே விண்ணப்பதாரர்’ என்று கையெழுத்திட்டு, திங்கட்கிழமை இருவர் படிவத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். நகல் வீட்டில் இருக்கிறது.

இனி அவர்கள் பாடு. நீ ஒன்றும் கவலைப்படாதே, நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் படுகிறேன். நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை போட்டுக் கொடுத்துவிட்டார், உட்கார்ந்து சாப்பிடு, அஞ்சு நிமிஷத்தில் உலகம் கவிழ்ந்துவிடாது. உன் அம்மா இப்போதே பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டாள், நான் தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன், முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நிறைவாக வாழ வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, நாங்கள் வந்து இறங்கியதும் முதல் வேலையாக மூவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை என் கையில் எந்தக் காகிதமும் கொடுக்காதே, நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

உன் அன்பு அப்பா,
படத்தில் குனிந்திருப்பவர்